பாதிக் கயிறு

ஜெகன் கட்ட வேண்டியது ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். கிழிந்துபோன ஒரு சல்லடையின் விலை.

நியூ டவுனில் அடுக்குமாடிக்கு பைல் குழி, அதாவது அஸ்திவாரத் தூணுக்கான ஆழக் குழி, தோண்டுகிறோம். குழி சரியாமலிருக்க பென்டோனைட் சேற்றை நிரப்புவோம். அது மணலோடு மேலே வந்து அதிரும் சல்லடையில் விழும். மணல் தங்கும், சேறு மட்டும் திரும்பக் குழிக்குப் போகும். சல்லடை ஜெகன் பொறுப்பு. பம்பு என் பொறுப்பு.

பொடிக்கண் சல்லடை பொடி மணலையும் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர்தான் பீய்ச்ச வேண்டும். ஜெகன் முன்பு சென்ட்ரிங் தகடு தேய்த்தவன். அந்தப் பழக்கத்தில் கம்பி பிரஷ் போட்டான். கண் பிய்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் ராஜ்மோகன் பெருங்கண் சல்லடையை மாட்டச் சொன்னார். சேறு மளமளவென்று இறங்கியது, பொடி மணலும் கூடவே. அது குழியின் அடியில் படியும். அதன்மேல்தான் கான்கிரீட் உட்காரும்.

விலையைக் கட்டும்வரை ஜெகனுக்குச் சம்பளம் கிடையாது என்றுவிட்டார்கள்.

"வாடகை கட்டலன்னா டாக்குரியா ரூமை ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம், அசோக்கண்ணே. வீட்டுக்கார மாஷிமா கறாரா சொல்லிட்டாங்க. சரிதாவுக்கு ஏழு மாசம்," என்றான் ஜெகன். சரிதா அவன் மனைவி.

மறுநாள் குழிக்குள் கயிற்றில் குப்பியை இறக்கி, அடிச்சேற்றில் மணல் எவ்வளவு என்று பார்க்க இன்ஜினியர் மேக்னா மேடம் வந்தார். ராஜ்மோகன் ஜெகனின் தோளில் கைபோட்டார்.

"கயித்த முழுசா விடாத. பாதியிலயே குப்பிய மூடி இழுத்துரு. சல்லடைக் காச மறந்துடறேன்."

"கட்டடம் சார்..."

"ஏன், பதினெட்டாவது மாடியில நீயா குடியிருக்கப் போற?"

நல்ல தூறல். மேடம் குடைக்குள் போன் பேசிக்கொண்டிருந்தார். கயிறு ஜெகன் கையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் பம்பைப் பார்த்தேன்.

குப்பி மேலே வந்ததும் மேடம் கேட்டார்: "நீச் தேகே தோ?"

அடியிலிருந்துதானே என்று கேட்கிறார்.

"ஹ்யாங், தீதி," என்று ஆமாம் போட்டான் ஜெகன். சேறு படாத மிச்சக் கயிறு அவன் காலடியில் வெளுப்பாகச் சுருண்டு கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டான்.

கண்ணாடிக் குழாயில் மணல் நூல் அளவுக்குத்தான் படிந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் ஜெகன் மிச்சக் கயிற்றைச் சேற்றில் முக்கி எடுத்தான். கான்கிரீட் வண்டி பின்வாக்கில் வந்து நின்றது.

சாயங்காலம் ராஜ்மோகன் முழுச் சம்பளத்தையும் அவன் கையில் வைத்தார்.

"சல்லடைக் கணக்கு தீந்துச்சு. போ, வாடகையக் கட்டு."

சேறு காய்ந்து வெடித்த கையால் ஜெகன் அதை வாங்கிக்கொண்டான். எண்ணவில்லை.