உறையோடு ஒரு மாத்திரை

காலையிலிருந்து டாக்டரம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மற்றவர்கள் வாயில் போட்டதை எடுப்பதிலேயே அவர் பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் 'குழாய் டாக்டர்' என்று பெயர். தொண்டை வழியே கேமரா குழாயை விட்டு, வளர்ந்த மனிதர்கள் விழுங்கித் தொலைத்ததை வெளியே எடுப்பது அவர் வேலை. குழந்தைகள் விழுங்கினால் ஒரு நியாயம் உண்டு. இவர்களுக்கு என்ன கேடு? அன்று முதலில் வந்த தையற்காரர், உதட்டில் குண்டூசியை வைத்துக்கொண்டே போனில் சிரித்திருக்கிறார். அடுத்து ஒரு வாத்தியார், பல்செட்டைக் கழற்றாமல் தூங்கியிருக்கிறார். பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்த மகானுபாவரும் ஒருவர் உண்டு. நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிற்று. அப்பாடா என்று டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நர்ஸ் தலையை நீட்டினாள்.

"மேடம், இன்னும் ஒரு கேஸ். பெரியவர். எச்சில்கூட முழுங்க முடியல."

"என்னத்த முழுங்கினாராம்?"

"அவர் மீன் முள்ளுங்கறார். அவர் வீட்டம்மா கோழி எலும்புங்கறாங்க."

"நல்லாத்தான் பேசி வச்சிட்டு வந்திருக்காங்க," என்று டாக்டரம்மா டப்பாவை மூடினார்.

கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கிண்ணத்தில் எச்சிலைத் துப்பியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. மகள் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை.

"பார்த்துக் குடுக்கக் கூடாதாம்மா?" என்று மகள் வெடித்தாள். "போன மாசம் அடுப்பை அணைக்க மறந்தே. இன்னைக்கு இது. இனிமே முடியாது. அப்பா என்கூட வரட்டும், நீ தம்பி வீட்டுக்குப் போ. இப்படியே விட்டா ஒருநாள் ரெண்டு பேரையும் தூக்கிட்டுத்தான் வரணும்."

பெரியவர் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா மகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்று விசாரிக்கத் தெம்பில்லை.

"காலைல என்னம்மா சாப்பாடு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிரெட்டும் பாலும்," என்றார் அந்த அம்மாள்.

"பிரெட்டுல ஏதும்மா எலும்பு? இங்க பாருங்க. உள்ள இருக்கறது கூரா இருந்தா, குழாய் நுனியில மூடி மாட்டி, அதுக்குள்ள வாங்கித்தான் எடுக்கணும். தெரியாம இழுத்தா உணவுக்குழாய் கிழிஞ்சிடும். அப்புறம் உசுருக்கே ஆபத்து. உங்க குடும்பக் கதை எனக்கு வேண்டாம். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மாள் உடைந்துவிட்டார். "மாத்திரை டாக்டர். உறையோட குடுத்துட்டேன். ராத்திரி பூரா இவருக்கு இருமல், எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. கண்ணை மூடிக்கிட்டே எடுத்துக் குடுத்தேன், இவரும் வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டார்."

"அவ மேல தப்பில்ல," என்று பெரியவர் கரகரத்தார். "நானாத்தான் எடுத்துப் போட்டேன். பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்கம்மா. இந்த வயசுல எங்களை ஆளுக்கொரு வீட்ல போட்டுருவா."

டாக்டரம்மாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதையும் காட்டத் தெம்பில்லை. தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூடி மாட்டிய குழாயை இறக்கினார். பாதி வழியில் பளபளவென்று தெரிந்தது. நான்கு மூலையும் கத்திதான். அதில் ஒன்று சதையில் குத்தி நின்றது. "அசையாதீங்க ஐயா, அசையவே அசையாதீங்க." மெல்லத் தள்ளி, விடுவித்து, மூடிக்குள் வாங்கி வெளியே எடுப்பதற்குள் டாக்டரம்மாவுக்கு வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தட்டில் விழுந்தது ஒரு சதுர உறை, உள்ளே மாத்திரை முழுசாக.

தட்டை மறைக்கத் தோன்றுவதற்குள் மகள் வந்துவிட்டாள். "இதுவா எலும்பு? யார் குடுத்தது இதை?"

பெரியவர் கையைத் தூக்கினார். அந்த அம்மாளும் தூக்கினார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் இருந்தார்கள்.

"கையை இறக்குங்க ரெண்டு பேரும்," என்று டாக்டரம்மா எரிந்து விழுந்தார். "யார் குடுத்தா என்ன? முழு மாத்திரை அட்டையை யாராலயும் முழுங்க முடியாது. இப்படி ஒவ்வொண்ணா வெட்டி வச்ச புண்ணியவான் யாரு? அதைச் சொல்லுங்க."

"நான்தான் வெட்டினேன்," என்றார் அந்த அம்மாள், அவசர அவசரமாக.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதையாவது மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து, வேளைக்கு ஒன்றாக வெட்டி டப்பாவில் போட்டு வைப்பவள் அவள்தான்.

"ஏம்மா பொய் சொல்றே? நான்தானே வெட்டுவேன்." அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன்."

"உனக்கும் அசதிதான்டி. விடு," என்றார் அம்மா.

"இனிமே வெட்டாதீங்க. குடுக்கும்போது பிதுக்கி, வெறும் மாத்திரையா உள்ளங்கையில வச்சுக் குடுங்க," என்றார் டாக்டரம்மா. "ராத்திரி இங்க இருக்கட்டும். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

பெரியவர் மகளைப் பார்த்தார்.

"எந்த வீட்டுக்கு?"

மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்குத்தான்ப்பா. வேற எங்க?"

அந்த அம்மாள் அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தார்.