சோப்பு வருகிற வரி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அக்கா சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். அழுகையை அவளிடம் விட்டுவிட்டுக் கதையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விடியலின் மெல்லிய ஒளியில் ஒரு புதிய உயிர்…' சீ! நடந்தது மத்தியானம். மழை வேறு. கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது.

2

அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷின், கொல்லையில் ஒரே ஒரு ஆடு. அது போட்ட குட்டிக்கு முன்னங்கால்கள் நிமிரவில்லை. முட்டி போட்டுத் தவழ்ந்தது. தாய் அதை விடாமல் நக்கிக்கொடுத்தது.

அக்கா சீம்பாலைக் கறந்து பாட்டிலில் ஊட்டினாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை வெட்டி, பஞ்சு வைத்து, இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டாள்.

"எனக்கு ஒரு சட்டை தைக்க உனக்கு நேரமில்ல. குட்டிக்கு அளவெடுத்துத் தைக்கிறியா?" என்றார் மாமா.

"அது உங்கள மாதிரி குறை சொல்லாதுல்ல!"

(மாமாவைக் கொஞ்சம் கெட்டவராக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு ஒரு வில்லன் கிடைத்திருப்பார். ஆனால் குட்டி நனைகிறதே என்று தன் சால்வையில் சுற்றி வீட்டுக்குள் தூக்கி வந்தவரே அவர்தான்.*)

3

இந்த இடத்தில்தான் எனக்குக் கை ஓடவில்லை.

வீட்டுக்குள் குட்டி அசிங்கம் பண்ணி உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. அக்கா வெந்நீர் வைத்து, வாசனைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாள். துவட்டி மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் தினமும் அப்படித்தான்.

சில நாளில் கால் நிமிர்ந்தது. கட்டை அவிழ்த்ததும் குட்டி நின்றது. "நின்னுடுச்சுங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் மாமா பதறி ஓடி வந்தார். இனி தாய்ப்பால் குடிக்கட்டும் என்று கொட்டகையில் கொண்டுபோய் விட்டார்கள். குட்டி தானே நடந்துபோய் மடியைத் தேடியது.

தாய் மோந்து பார்த்தது. முட்டித் தள்ளியது. குட்டி எழுந்து மறுபடியும் போனது. இந்தத் தடவை முட்டிய வேகத்தில் சுவரில் மோதி விழுந்தது. அதற்குப் பிறகு அது

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

கால்நடை மருத்துவர் ஒன்றுதான் கேட்டார்: "சோப்பு போட்டுக் குளிப்பாட்டினீங்களா? வாசனைய வச்சுத்தாம்மா தாய் தன் குட்டிய அடையாளம் கண்டுக்கும்."

4

எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"சோப்பு வர்ற வரிய எடுத்துடுடா."

"அத எடுத்தா கதையே இல்லக்கா."

"கதை போனாப் போவுது. குட்டி இருக்கும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பாசத்தில் செய்த காரியத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பாள்? அவளுக்குப் படிக்கிற பிரதியில் எடுத்துவிட்டேன். வேறு முடிவு எழுதினேன்:

'தாய் மோந்து பார்த்தது. காலை அகட்டி நின்று மடியைக் கொடுத்தது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.'

"பொய்," என்றாள் அக்கா. "இன்னொரு தடவ படி."

படித்தேன். மறுபடியும் கேட்டாள். காகிதத்தை உங்கள் பக்கம் நீட்டிவிட்டேன். இந்தத் தடவை நீங்கள் படித்துக் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கிறாள்.

* சால்வையை அக்கா துவைக்கவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன் இருந்த குட்டி வாசனை அதில் மட்டும் இருக்கிறது. 'இதக் குட்டி மேல தேச்சு விட்டிருந்தா?' என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.