ஓநாய்க்காரனுக்கு ஒரு வழி

ஓநாய்க்காரன் கோட்டை வாசலில் வந்து நின்ற காலையில் பூட்டுக்காரி பட்டறையில் ஒரு கீலுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். தெருவே திமுதிமுவென்று வாசலை நோக்கி ஓடியது. ஓடிய ஒருத்தி நின்று, "உன் புருஷனைக் கொன்னவன் வந்திருக்கான்டி, தனியா வந்திருக்கான்!" என்று கத்திவிட்டுப் போனாள். துருத்தியருகே உட்கார்ந்திருந்த மாமனார் சம்மட்டியோடு எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மாமா. அவனை அடிச்சுக் கொல்ல ஊர்ல ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. ஆனால் யாரும் கொல்லவில்லை. அவன் கொண்டுவந்த சேதி அப்படி.

மலையரசனின் படை முன்பு இந்த ஊர்மேல் பாய்ந்தபோது, சாம்பல் ஓநாய்களை ஏவி நடத்தியவன் அவன்தான். ஒவ்வொன்றும் எருது உயரம். மலையரசனின் மந்திரவாதி சாம்பலிலிருந்து எழுப்பிய குட்டிகளுக்குத் தன் உள்ளங்கையைக் கீறி இரத்தம் ஊட்டி வளர்த்தவனும் அவன்தான். வாளோ அம்போ பட்டால் புகையை வெட்டியதுபோல் காயம் மூடிக்கொள்ளும். இரும்புக் கம்பியைத் தாண்டி வர மட்டும் அவற்றால் ஆகாது. ஆற்றுப்பாலத்தைக் காத்து நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பூட்டுக்காரியின் வீட்டுக்கு அவள் புருஷனுடைய இடுப்புவார் மட்டும் வந்தது. அதை எரிப்பதா புதைப்பதா என்று தெரியாமல் மாமனார் முற்றத்தில் வெகுநேரம் நின்றது அவளுக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

இப்போது மலையரசன் செத்துவிட்டான். கடிவாளம் போய்விட்டது. ஓநாய்கள் முதலில் தின்றது அவனுடைய சொந்தப் படையை. பிறகு அடிவாரத்துக் கிராமங்களை. அடுத்தது இந்த ஊர்.

வடக்கு மதிலுக்கு வெளியே கைவிடப்பட்ட செம்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. தன் இரத்த வாடை காட்டி ஓநாய்களை அதற்குள் இழுத்துப் போகிறேன், வாயை இரும்புக்கம்பிக் கதவால் அடைத்துவிடுங்கள், இரை கிடைக்காவிட்டால் அவை மறுபடி சாம்பலாகிவிடும் என்றான் ஓநாய்க்காரன். சுரங்கம் குடைந்த குன்றின் உச்சியிலிருந்து உள்ளே இறங்கும்படி காற்றுக்காக வெட்டிய ஒரு குழி உண்டு. ஏணி வைத்தால் ஒரு மனிதன் ஏறி வரலாம். அதற்கு ஒரு கம்பி மூடி போட்டு, தான் வெளியே வரும்வரை திறந்து வைத்திருந்தால் போதும் என்றான்.

தளபதி பூட்டுக்காரிக்கு ஆள் அனுப்பினார்.

கதவு வேலை அவள் பயந்ததைவிட வேகமாக நடந்தது. ஊரிலிருந்த கலப்பைக்கொழு, கிணற்றுச் சங்கிலி, உடைந்த வண்டிப்பட்டை எல்லாம் உலைக்குள் போயின. ஓநாய்க்காரன் காலில் விலங்கோடு இரும்பு சுமந்தான். நெட்டையான, தோள் கூனிய மனிதன். சிரிக்கவே தெரியாத முகம். அவன் குடித்த குவளையை மாமனார் தினமும் நெருப்பில் போட்டு எடுத்தார்.

கடைசிக் கீலைப் பொருத்திய அன்று அவள் கேட்டுவிட்டாள்.

"பாலத்துல நின்னவங்கள்ல ஒருத்தர். நல்ல உயரம். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. கையில சம்மட்டி வெச்சிருந்திருப்பார், வாள் பிடிக்கத் தெரியாது அவருக்கு. ஞாபகம் இருக்கா?"

அவன் கதவைத் தாங்கிப் பிடித்தபடியே யோசித்தான்.

"இல்ல," என்றான். "இருக்குன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னா சொல்றேன்."

"வேணாம்."

ஆணியை அடித்து முடித்தாள். அவன் குழியின் பக்கம் கண்ணைக் காட்டி, "மூடி திறந்திருக்கும்ல?" என்று கேட்டான்.

"திறந்திருக்கும். நான் சொன்னா சொன்னதுதான்."

அன்று மாலை தளபதி அவளைத் தனியே கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மேல் மூடியையும் பூட்டிடும்மா. அவன் பின்னாடியே ஒண்ணு ஏறி வந்துட்டா ஊரே போயிடும்."

"வாக்குக் குடுத்திருக்கேன் ஐயா."

"அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா? உன் தாலியை அறுத்தவன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். எதற்காக ஆட்டினோம் என்று அவளே முடிவு செய்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனசுக்குள் வைத்துப் புழுங்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ என்ன பண்ணப் போற?"

"திறந்துதான் வைக்கப் போறேன் மாமா."

அவர் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார்.

ஓநாய்கள் மறுநாள் உச்சிவெயிலில் வந்தன. சத்தமே இல்லை. குன்றடிப் புல்வெளியில் தரையோடு புகை தவழ்வது போலிருந்தது. பிறகு புகைக்குக் கால்கள் முளைத்தன. சுரங்க வாசலில் கால்விலங்கு கழற்றப்பட்ட ஓநாய்க்காரன் நின்றிருந்தான். உள்ளங்கையைக் கீறி உயர்த்திப் பிடித்து, பசுவைக் கூப்பிடுவதுபோல அடித்தொண்டையில் ஏதோ குரல் கொடுத்தான். முன்னால் வந்த தாய் ஓநாய் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அவன் திரும்பி இருட்டுக்குள் ஓடினான். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே பாய்ந்தது.

பாறை மறைவில் இருந்த சிப்பாய்கள் சங்கிலியை இழுத்தார்கள். கதவு இடி விழுந்தாற்போல் அறைந்து மூடிக்கொண்டது. பூட்டுக்காரி ஓடிப்போய்த் தாழைச் செருகிச் சாவியைத் திருப்பினாள். மறுபக்கம் ஒரு மூக்கு, அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில், கம்பியைத் தொடாமல் மூச்சுவிட்டது. அடுப்புச் சாம்பல் வாடை.

சிப்பாய்கள் ஆரவாரம் செய்துகொண்டு கோட்டைக்கு ஓடினார்கள். அவள் குன்றின்மேல் ஓடினாள்.

குழியருகே மாமனார் உட்கார்ந்திருந்தார். மூடி விழுந்திருந்தது. பூட்டும் தொங்கியது. கீழேயிருந்து ஏணியின் சத்தமும், அதைவிட மேலே, கம்பியை உள்ளங்கையால் அறையும் சத்தமும் கேட்டன.

"பூட்டிட்டேன்," என்றார். "பூட்டுறதுக்குச் சாவி வேணாமே."

"நகருங்க மாமா."

"என் பிள்ளை கத்தினப்போ யாரு திறந்தா?"

"யாரும் திறக்கல. நகருங்க."

அவர் நகரவில்லை. மருமகளாக வந்த நாளிலிருந்து அவர்மேல் அவள் கை பட்டதில்லை. இப்போது இரு கையாலும் பிடித்துத் தள்ளினாள். கிழவர் பக்கவாட்டில் விழுந்தார், எழ முயலவில்லை. சாவி ஒருமுறை தப்பியது, பிறகு திரும்பியது. மூடியைத் தூக்கினாள். ஓநாய்க்காரனின் தலை வந்தது, மார்பு வந்தது, அதற்குமேல் வரவில்லை. அவனுடைய இடது கை கீழே ஒரு ஓநாயின் வாயில் மாட்டியிருந்தது. அதன் பின்னால் இருட்டில் இன்னும் இரண்டு கண்கள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.

"மூடுங்க," என்றான். "கை போனாப் போகுது. மூடுங்க!"

அவனை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மூடியை அவன் கைமேல் சாய்த்து அவள் முழு உடம்போடும் அதன்மேல் விழுந்தாள். எலும்பு முறியும் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தமில்லை. ஆனாலும் என்னவென்று உடனே தெரிந்தது. கீழே எதுவோ கனமாக விழுந்தது. ஏணியும் போயிற்று. அவள் பூட்டை மறுபடி மாட்டினாள்.

அவன் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கட்டுவதற்குத் துணி தேடினாள். மாமனாரின் தோள்துண்டு பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவருமாகக் கரிவண்டியில் மூட்டைகளுக்கடியில் படுக்கவைத்து அவனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைச் சுட்டு மூடியபின் அவனுக்கு நினைவு தப்பியது. சற்று நேரத்தில் தளபதியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூடியருகே இரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

பூட்டுக்காரி வாசலுக்குப் போவதற்குள் மாமனார் போய் நின்றுவிட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"அவன் உள்ளேயே செத்துட்டான்," என்றார் மாமனார். "மூடியைப் பூட்டினது நான்தான். கம்பி வழியா கையை நீட்டினான். ஓநாய் பிடிச்சு இழுத்துது. அந்த ரத்தம்தான். போய் உங்க தளபதிகிட்ட சொல்லுங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவன் கணக்கை முடிச்சுட்டான்னு."

அவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவன் காலைத் தொட்டுக் கும்பிடக்கூடச் செய்தான். கிழவர் உள்ளே வந்து தண்ணீர்ப் பானையருகே உட்கார்ந்தார்.

"என்னை அப்படிப் பாக்காதே," என்றார். "அவனை நான் ஒரு தடவை கொன்னாச்சு. அவன் கம்பியை அறைஞ்சதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

அதன்பின் ஊளை தொடங்கியது. சுரங்கத்துக்குள் பட்டினி கிடந்த ஓநாய்களின் ஓலம் குன்றைத் துளைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. ஊரில் குழந்தைகள் சாப்பிடவில்லை. பெண்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு துணி துவைத்தார்கள். தளபதி வெற்றிக்கு முரசு அடிக்கச் சொன்னார். முரசை மீறியும் கேட்டது.

ஒரு பிற்பகல் கஞ்சி எடுத்துக்கொண்டு, அவனை ஒளித்து வைத்திருந்த கரி அறைக்குள் போன பூட்டுக்காரி அப்படியே நின்றாள். ஓநாய்க்காரன் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தான். சாக்கின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஒவ்வொரு ஊளைக்கும் உதடு அசைந்தது. அவள் சற்று நேரம் கேட்டபின்தான் புரிந்தது: பேர் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தான்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"பாலத்துல செத்தவங்களுக்காக ஒரு நாளாவது அழுதியா?"

"இல்ல."

"அவங்க மூஞ்சி ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?"

"இல்ல." முகத்தைத் திருப்பாமலே சொன்னான். "இதுங்க கண்ணு திறக்காத குட்டியா என் கையில இருந்துச்சுங்க."

கஞ்சிக் குவளையை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். செய்யவில்லை. தரையில் வைத்துவிட்டு வெளியே வந்து, எரியாத உலையில் துருத்தியை ஊதிக்கொண்டே இருந்தாள், தோள் கழன்றுபோகும்வரை. திறந்தது சரிதானா என்று அன்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

ஊளை ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. கடைசியாகத் தாய் ஓநாயின் குரல் மட்டும் இருந்தது, அதுவும் ஒருநாள் விடியலில் நின்றது. வடகாற்றில் மெல்லிய சாம்பல் வந்து கூரைகளில் படிந்தது. பெண்கள் வாசலில் பெருக்கிக் குவித்தார்கள்.

அன்று ஓநாய்க்காரன் முதல்முறையாகக் கரி அறையை விட்டு வெளியே வந்தான். முகம் எலும்பாயிருந்தது.

"இது பாதிதான்," என்றான். "மீதியை மலையரசன் தெற்கே அனுப்பியிருந்தான். அங்கே உப்பளத்து ஊர்கள் இருக்கு. மதில் கிடையாது. இரும்பும் கிடையாது." அவன் தன் ஒற்றைக் கையைப் பார்த்தான். "கூப்பிட நான் இருக்கேன். பூட்டத்தான் ஆள் வேணும்."

பூட்டுக்காரி மாமனாரைப் பார்த்தாள். அவர் சம்மட்டிக்குப் புதுக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"போறதுன்னா போ," என்றார் தலை நிமிராமலே. "எனக்குச் சோறு ஆக்கத் தெரியும். ஆனா ஒண்ணு. வழியெல்லாம் அவன் முன்னாடி நடக்கட்டும். நீ பின்னாடி நட."

ஓநாய்க்காரன் அதைக் கேட்டுத் தலையசைத்தான், அது நியாயம்தான் என்பதுபோல. அவள் அரத்தையும் சுத்தியலையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். பின்கதவு வழியாக அவன் முதலில் இறங்கினான்.