ராஜையன் விட்ட 'வாஸ்'

"வல போடுற எடத்துச் சண்டையில எனக்க மாப்பிளைய ரெண்டுபேரு அடிச்சாவ. பொறவு தலையப் பிடிச்சு கடல்ல முக்கினாவ, ஐயா."

இனயத்து இசபெல் சொல்லச் சொல்ல, நாகர்கோவில் வக்கீல் குமாஸ்தா ராஜையன் மனுவை இங்கிலீஷில் எழுதினார். முப்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாசம். அவள் புருஷன் சிலுவை கடலில் தவறி விழுந்து செத்தான் என்று போலீஸ் முடித்துவிட்ட வழக்கு அது.

ராஜையனின் இங்கிலீஷுக்குக் கோர்ட்டுக் கச்சேரியில் நல்ல பெயர். ஒரே ஆளுக்கு இரண்டு காரியம் செய்யப்பட்டதென்றால் 'வாஸ்' (was) ஒருதரம் போதும், இரண்டாவதை விடுவதே அழகு என்று மிஷன் பள்ளியில் படித்தவர். அப்படியே எழுதினார்: சிலுவை 'வாஸ் பீட்டன் அண்டு டிரௌண்டு' (was beaten and drowned).

இரண்டு மாதம் கழித்துச் சர்க்காரிடமிருந்து பதில் வந்தது: அடிபட்ட சிலுவை பிறகு தானே மூழ்கியதாக மனுதாரரே சொல்வதால் மேல்விசாரணை தேவையில்லை.

ராஜையன் தன் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தார். 'டிரௌண்டு' என்பதற்கு முன்னால் இன்னொரு 'வாஸ்' இருந்தால் மூழ்கடிக்கப்பட்டான். இல்லாததால் மூழ்கினான் என்றும் படிக்கலாம். படித்துவிட்டார்கள்.

இசபெல் எதிரே நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சர்க்கார் தள்ளிவிட்டது என்று சொன்னால் போய்விடுவாள்.

"நீ முக்கினாவண்ணு சொன்னே. நான் எழுதினதை அவிய தானா முங்கினாருண்ணு படிச்சிருக்கினும். தப்பு எனக்கதுதான்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "தானா முங்குயதுக்கு, அவரு நீந்தத் தெரியாதவரா ஐயா?"

அன்றைக்கே வேறு மனு எழுதினார். தான் செய்த பிழையை விளக்கி, தன் கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலமும் சேர்த்தார். அவருடைய வக்கீல் முத்துநாயகம் அதைப் படித்துவிட்டு, "பொறவு உம்ம நம்பி எவன் மனு எழுத வருவான்?" என்றார்.

"வராட்டி போட்டும் சார்."

விசாரணை மறுபடியும் தொடங்கியது. அதற்குள், நேரில் கண்ட இரண்டு சாட்சிகளில் ஒருவன் கொழும்புக்குப் போயிருந்தான். மிச்சமிருந்த மரியஜான் பயந்து பயந்து, கண்டதைச் சொன்னான். சிலுவையை அடித்த இரண்டு பேருக்கும் ஜெயில் கிடைத்தது.

இசபெல் தீர்ப்பு நகலோடு வந்தாள். ராஜையன் அந்த இடத்தைத் தமிழில் வாசித்தார்: "சிலுவை அடிக்கப்பட்டான். கடலில் மூழ்கடிக்கப்பட்டான்."

"இன்னொருக்க வாசியும்."

வாசித்தார். அவள் நகலை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, மேற்கே போகும் பஸ்ஸுக்கு நடந்தாள்.