எமில் உட்கார்ந்த ஐஸ் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. டெக்சஸில் இருக்கும் ஸ்மித்வில்லுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. சனிக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்காமல் இந்த ஊரில் யாரோடும் பழக முடியாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

"வீட்டக் குடுத்ததுகூடப் பரவாயில்லப்பா. ஐஸ் பெட்டியக் குடுத்திருக்கக் கூடாது."

காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "டெக்சஸின் அகன்ற வானத்தின் கீழே புகை மெல்ல..." வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையே இல்லை.

இரண்டாவது: எமில் குபேனாவின் அடுப்பில் மாட்டு நெஞ்சுக்கறி முன்னதாகவே வெந்துவிட்டது.

இது பரவாயில்லை. மகள் டெப்ராவின் நிச்சய விருந்து. ஒரு மணிக்குத் தேவாலயக் கூடத்தில் நாற்பது பேர். "அப்பா கறிதான் வேணும்" என்று சொல்லியிருந்தாள். ஞாயிறு காலை எட்டுக்கே நான்கு பெரிய துண்டமும் புகையடுப்பில் பதமாகிவிட்டன. இப்போதே கத்தி வைத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். வெளியே வைத்தால் கொழுப்பு மெழுகாக உறையும். சூடு இறங்காமல் சும்மா கிடக்க வேண்டும். குளிரைப் போலவே சூட்டையும் விடாமல் வைத்திருக்கும் தடித்த ஐஸ் பெட்டி, விவாகரத்தில் லொரீனுக்குப் போய்விட்டது.*

* என் மனைவி இதை நம்பவில்லை. "கடையில வேற பெட்டி விக்காதா?" விற்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, என் கதையில், விற்காது.

3

முதல் பிரதியில் லொரீனைக் கோபக்காரியாக எழுதினேன். அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை. கதவைத் திறந்து, துண்டில் சுற்றிய பொட்டலங்களோடு நின்ற முன்னாள் கணவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்ன எமில், ஒரே பிரசவத்துல நாலா?"

"விளையாடாத லொரீன். சூடு போகுது."

பெட்டிக்குள் கிடந்த கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களைத் தரையில் கொட்டினாள். கொதிநீர் ஊற்றிப் பெட்டியைச் சூடாக்கித் துடைத்தாள். கறியை அடுக்கி, மேலே இன்னும் இரண்டு துண்டு போர்த்தி மூடினாள். கொக்கி உடைந்திருந்தது, மூடி சரியாகப் படியவில்லை.

"மேல உக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டரை வரைக்கும். எங்கயாவது போகணுமா?"

போக இடமில்லை. உட்கார்ந்தார்.

4

மூன்று தடவை எழுந்தார்.

"ஒரே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்."

"திறந்தா சூடு போயிடும். உக்காரு."

[இங்கே அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று ஒரு பத்தி இருந்தது. குடி, இன்னொரு பெண். எல்லாம் இரவல். அடித்துவிட்டேன்.]

லொரீன் விருந்துக்கான உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"இருபத்தாறு வருஷத்துல இந்தச் சமையல்கட்டுல நீ இவ்வளவு நேரம் உக்காந்ததே இல்ல. எப்பவும் வெளியில, அடுப்புகிட்டதான்."

"நான் வந்து..."

[இந்த வாக்கியத்தை நான் பாதியில் விட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர்தான் விட்டார்.]

சீவாமல் கிடந்த கிழங்கைப் பார்த்து, "இன்னொரு கத்தி இருக்கா?" என்றார்.

கத்தியும் பாதிக் கிழங்கும் அவர் மடிக்கு வந்தன. மூடியை விட்டு எழாமலே சீவினார். தடித்தடியாகச் சீவினார்.

5

முடிவு ஒன்று: மறுபடி கல்யாணம். "சினிமா" என்றாள் என் மனைவி.

முடிவு இரண்டு: திறந்தால் கறி ஆறிப்போயிருக்கிறது. நாலரை மணி நேரம் உட்கார்ந்த மனிதருக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, ஒரு மணிக்குக் கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது ஆவி எழுந்தது. கத்தி தானாக இறங்கியது. பதம் சரிதானா என்று வெட்டிய துண்டை எமில் விரலில் தொங்கவிட்டுக் காட்டினார், வளைந்தது, அறுந்துவிழவில்லை. டெப்ரா ஒரு வாய் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தட்டை மறுபடி நீட்டினாள். மூன்று மணிக்குள் ஒரு பொட்டு மிச்சமில்லை.

காலிப் பெட்டியை ஒருவரே தூக்கிவிடலாம். இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து வெளியே வந்தார்கள். அவருடைய பிக்கப் வண்டியும் அவளுடைய காரும் அடுத்தடுத்து நின்றன. இரண்டுக்கும் பின்கதவு திறந்திருந்தது.

எதில் ஏற்றினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பெட்டி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் வயதாகிறது.