பொய்விதை இட்டவர்

கீழ்வானில் வெள்ளி மங்கி, பல்கலைக்கழகத்தின் ஓட்டுக் கூரைகள் மெல்லச் சிவந்து, இரவெல்லாம் விண்ணை நோக்கிக் களைத்த தொலைநோக்கியின் குவிமாடம் கரகரவென மூடிக்கொண்ட விடியற்பொழுது. ஊரெல்லாம் கண் திறக்கும் வேளையில் கண் மூடுவது அக்கட்டடம் ஒன்றே. அதன் கீழ்த்தளத்தில், தேநீர்க் கறை படிந்த மேசையருகே நின்ற வானியல் துறைத்தலைவி, ஆய்வு மாணவர்கள் கண்டெடுத்துத் திரையில் இட்டிருந்த ஒரு கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள விண்மீனொன்றின் ஒளி சீரான இடைவெளியில் சற்றே மங்கி மீள்வதை அக்கோடு காட்டிற்று. அறியப்படாத கோள் ஒன்று அதன் குறுக்கே கடக்கிறது என்பது பொருள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் அது வாய்த்திருந்தது. அன்று முற்பகல், ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் நல்கைக் குழுவினர் வருகிறார்கள். அவர்கள் கைவிரித்தால் தொலைநோக்கியைப் பூட்டி, ஆய்வு மாணவர்களை வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொல்வதன்றி வழியில்லை.

அன்பரே, இத்துறையின் விந்தை வழக்கமொன்றை நீர் இங்கே அறிதல் வேண்டும். ஆய்வாளர் விழிப்போடிருக்கின்றனரா எனச் சோதிக்க, அவர்களுள் ஒருவர் மெய்யான பதிவுகளுக்குள் போலிக் குறியொன்றை மறைவாகப் புகுத்திவைப்பார். அதற்குப் பொய்விதை என்று பெயர். எதையும் கண்டதாக அறிவிக்குமுன் அவரை அவையறியக் கேட்டாக வேண்டும். கேட்கும்வரை அவர் வாய் திறக்கலாகாது. அவ்வாண்டு அப்பொறுப்பை ஏற்றிருந்தவர், அதே துறையில் பணிபுரியும் தலைவியின் கணவர். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட முகத்தில் காட்டிக்கொடுத்துவிடும் மனிதர் அவர். ஆகவே தலைவிக்கு ஐயமே எழவில்லை.

குழுவினர் வந்தமர்ந்ததும் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் தலைவியின் காதருகே குனிந்தார்.

“அக்கா, அந்தக் கேள்விய நாளைக்குக் கேட்டுக்கலாமே. இவங்க கிளம்பட்டும்.”

ஒரு கணம் தலைவியின் மனம் தடுமாறத்தான் செய்தது. பின்பு, “இவங்க முன்னாடி கேக்கப் பயமா இருக்குன்னா, அத இப்பவே கேட்டாகணும்,” என்று சொல்லி, கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, பொய்விதை போட்டிருக்கீங்களா?”

அவர் எழுந்தார். “போட்டேன். அந்த விண்மீன்லதான்.”

கோள் போயிற்று, கூடவே நல்கையும் போயிற்று என்றே தலைவி எண்ணினார். ஆயினும் குரல் பிசகவில்லை.

“அப்ப அங்க கோள் இல்ல. ஆனா இவர் இவ்வளவு நுணுக்கமா ஒளிச்சு வச்சதையே எங்க பிள்ளைங்க கண்டுபிடிச்சிருக்காங்க. நிஜமாவே ஒண்ணு வந்தா விட்டுடுவாங்களா?”

குழுவின் தலைவியான முதிய அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே வீட்ல இருக்கீங்க. உங்ககிட்டகூடவா சொல்லல?”

“சொல்லியிருந்தா, அப்புறம் வேற எதுலயும் இவர நம்பியிருக்க மாட்டேங்க.”

குற்றவாளிபோல் தலைகவிழ்ந்து அமர்ந்துவிட்ட கணவரிடம், “நிமிந்து உக்காருங்க,” என்றார். அக்குரலில் சினமில்லை, இவர் என் கணவர் என்னும் செருக்கே ததும்பிற்று.

குழுவினர் அடுத்த அறைக்குச் சென்று கலந்து பேசித் திரும்பினர். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை; குவிமாடம் தொடர்ந்து திறக்கப் போதுமானது கிடைத்தது.

அதன்பின் எத்தனையோ இரவுகள் அவர்கள் தேடினர். வானம் இன்னும் ஒன்றும் தரவில்லை. தராவிடினும் என்ன? இல்லாததை இல்லையென்று தம் வாயாலேயே சொல்லத் துணிந்தவர்கள் அவர்கள். உண்டென்று அவர்கள் சொல்லும் நாளில், அச்சொல் அம்பலம் ஏறும்.