ஆறு சொல்லலாம்

வடக்கில் பல் டாக்டர். அவருக்கு நேர் எதிரே தெற்கில் பத்திர எழுத்தர். கிழக்கில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், மேற்கில் மருந்துக்கடை நடத்தும் அவர் மகள். நூலகத்தின் மாடி அறை, ஜன்னலை ஒட்டிய மூன்றாவது மேஜை, சனிக்கிழமை காலை பதினொன்றேகால். போட்டிக்கு நடுவரான நூலகர் அம்மாள் கதவுப் பக்கம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பத்திர எழுத்தர் அடுத்த ஐந்து நாளில் இந்த வரிசையை ஆறு தடவை தாளில் எழுதிப் பார்த்தார். நாலு எல்லையையும் சொல்லிவிட்டுத்தான் நடுவில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிப்போன ஒழுங்கு.

பிரிட்ஜ் ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்பவர்கள் கூட்டாளிகள். இவர்கள் இருவரும் கூடவே சகலைகள். அக்காவைக் கட்டியவர் டாக்டர், தங்கையைக் கட்டியவர் எழுத்தர். கல்யாணப் பந்தலில் ஒரே மாதிரி முழித்துக்கொண்டு நின்ற இரண்டு மாப்பிள்ளைகள் பதினோரு வருஷமாகச் சேர்ந்து சீட்டாடுகிறார்கள் என்றால் அதற்கு இரண்டு பெண்களின் பொறுமைதான் காரணம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர்கள் வட்டாரச் சுற்றைத் தாண்டியதில்லை. அன்று தாண்டுகிற மாதிரி இருந்தது.

ஏலத்தில் டாக்டர் "நாலு நோ டிரம்ப்" என்றார். ஆறு என்று சொல்லி, பதின்மூன்று பிடிகளில் பன்னிரண்டைப் பிடிக்கும் ஸ்லாமுக்குப் போகலாமா என்று கூட்டாளியைக் கேட்கும் கேள்வி அது. நாலு ஏஸும் துருப்பு ராஜாவும் ஆக ஐந்து சாவிகள். அதில் உன்னிடம் எத்தனை? எழுத்தர் "அஞ்சு கிளாவர்" என்றார். அதற்கு, ஒன்றுமே இல்லை அல்லது மூன்று இருக்கிறது என்று பொருள். இரண்டில் எது என்பதைக் கேட்டவர்தான் ஊகிக்க வேண்டும். டாக்டர் ஊகிக்க ஆரம்பித்தார். கையிலிருந்த சீட்டை விரித்தார், மடக்கினார், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கினார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று. பிறகு "அஞ்சு இஸ்பேட்" என்றார். உன்னிடம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன், இத்தோடு நிறுத்து என்று அர்த்தம். எழுத்தரிடம் மூன்று சாவி இருந்தது. அவர் "ஆறு இஸ்பேட்" என்றார். பன்னிரண்டு பிடியும் வந்தது.

ரயில் ஓட்டுநர் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். நூலகர் அம்மாள் வந்தார்.

"அவரு அஞ்சுன்னு நிறுத்திட்டாரு, இவரு வண்டிய எடுத்துட்டாரு. அவரு ஒரு நிமிஷம் யோசிச்சாரே, அது பச்சைக்கொடி இல்லாம என்ன?"

"அப்பா, மெதுவா" என்றாள் மகள்.

"மெதுவாத்தான் சொல்றேன். முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் பாத்தவன் நான்."

கூட்டாளியின் வாயிலிருந்து வருகிற ஏலத்தை மட்டும்தான் கேட்கலாம். அவர் தயங்கியதையோ பெருமூச்சு விட்டதையோ வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆட்டத்தின் சட்டம் அது. டாக்டர் சட்டென்று சொன்னார்: "மூணு இருந்தா ஆறு சொல்லியே ஆகணும். அது எங்க ஏற்பாடு. நான் யோசிச்சாலும் யோசிக்காட்டாலும் அவரு போய்த்தான் ஆகணும். எழுதியே வச்சிருக்கோம். என்ன சகலை?"

எழுத்தர் தலையை ஆட்டினார். ஆமென்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் வைத்துக்கொள்ளலாம்.

"எழுதி இருந்தா நல்லதாப் போச்சு" என்றார் நூலகர் அம்மாள். "கட்டாயம்னா ஆட்டம் செல்லும். உங்க இஷ்டம்னா செல்லாது. முறையீட்டுக் குழு வெளியூர்ல இருக்கு. அந்தத் தாளையும், இதுவரைக்கும் உங்க வழக்கம் என்னங்கறதையும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்புங்க. அனுப்பலேன்னா ஆட்டம் அவங்களுக்கு."

வீட்டுக்கு வந்ததும் எழுத்தர் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆட்ட ஏற்பாடுகள் இருந்த கோப்பினை எடுத்தார். நாற்பத்து மூன்று விதிகள், எல்லாம் சகலைக்கு எழுதிய கடிதங்களின் வடிவில், இடது ஓரம் இரண்டு விரல் விட்டு. டாக்டரிடம் இருந்த பிரதி எப்போதோ தொலைந்துபோனது. பதினேழாவது விதி: 'பூஜ்யம் அல்லது மூன்று என்று பதில் சொன்ன பின், கேட்டவர் ஐந்தில் நிறுத்தினால், மூன்று உள்ளவர் ஆறு சொல்லலாம்.'

சொல்லலாம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அவர் மல்லுக்கட்டுவது இந்த 'லாம்' விஷயத்தில்தான். "வழி விடலாம்னு எழுதினா விடாமலும் இருக்கலாம்ங்க. விட வேண்டும்னு போடுங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்க அடிச்சுக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்வார். அப்படிப்பட்டவர் தன் கையாலேயே லாம் போட்டிருக்கிறார். ஏன் போட்டார் என்பதும் நினைவிருந்தது. முதலில் 'வேண்டும்' என்றுதான் பேனா போனது. மூத்த சகலைக்கு உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறதே என்று உறுத்தியது. மரியாதைக்காக ஒரு சொல்லை மாற்றினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நோயாளிகள் குறைந்த நேரமாகப் பார்த்து டாக்டர் எழுத்தரின் மேஜைக்கு வந்தார். வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இவ்வளவுதானா? ஒரு சொல்லு. வேற தாள்ல வேண்டும்னு எழுதி அனுப்புங்க. உங்க கையெழுத்துத்தானே, யாருக்குத் தெரியப்போகுது."

"முன்தேதி போட்டு எழுதச் சொல்றீங்க."

"பொய்யா எழுதச் சொல்லல. நீங்க மனசுல நினைச்சது வேண்டும்தானே? மரியாதைக்கு லாம் போட்டீங்க. நானும் வேண்டும்னுதான் படிச்சேன். எழுதினவருக்கும் படிச்சவருக்கும் ஒரே அர்த்தம். நடுவுல தாளுக்கு என்ன வந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் முன்தேதி கேட்டு வந்த எத்தனையோ பேர் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு நியாயமாகப் பேசியதில்லை. எண்ணமும் ஒன்று, படித்ததும் ஒன்று என்றால் திருத்துவதில் என்ன குற்றம்? முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் மனைவி வேறு சொல்லியிருந்தாள்: "அக்கா போன் பண்ணினா. அத்தான் அடுத்த சுத்துக்கு வெளியூர் போறதுக்குப் பெட்டியே இறக்கி வச்சுட்டாராம். ஒரு சீட்டாட்டத்துக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க."

எண்ணமும் வழக்கமும் ஒன்றாக இருந்திருந்தால் அவர் திருத்தியே இருப்பார். பிப்ரவரி குறுக்கே நின்றது.

"சகலை, பிப்ரவரியில ஒரு ஆட்டம். நீங்க நாலு நோ டிரம்ப் கேட்டீங்க, நான் அஞ்சு கிளாவர் சொன்னேன். நீங்க அஞ்சு ஆட்டின்னு பட்டுனு சொல்லி நிறுத்துனீங்க. நான் பேசாம இருந்துட்டேன். பன்னிரண்டு பிடி வந்துச்சு, ஸ்லாம் போச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு ஏஸை எண்ணாம விட்டுட்டேன்னு சொன்னீங்க. அன்னைக்குப் பூரா உங்களைத் திட்டினேன்."

"எண்ணாம விடல. மூணும் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

டாக்டர் தாளைக் கீழே வைத்தார்.

"நீங்க பட்டுனு சொன்னா கையில சரக்கு இல்லைன்னு அர்த்தம். இழுத்துச் சொன்னா இருக்குன்னு அர்த்தம். பட்டுன்னா நிப்பேன். இழுத்தா போவேன். நான் உக்காந்து யோசிச்சுப் பண்ணினதில்ல. சனிக்கிழமை ராத்திரி பழைய ஆட்டத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூணு இருந்தது அஞ்சு தடவை. ரெண்டு தடவை நின்னிருக்கேன், மூணு தடவை போயிருக்கேன். லாம்னு எழுதினது மரியாதைக்குத்தான். ஆனா விளையாடினதும் லாம்தான்."

எதிரே பதிவு அலுவலகத்தில் பெயர் கூப்பிட்டார்கள், யாரோ ஓடினார்கள். டாக்டர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"பதினோரு வருஷமா என் மூஞ்சியப் பாத்துத்தான் விளையாடியிருக்கீங்க."

"மூஞ்சிய இல்ல. கடிகாரத்தை."

"இதுக்கு நீங்க என் மூஞ்சியவே பாத்திருக்கலாம்." சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. "சரி, தாளை உள்ளபடியே அனுப்புங்க. லாம்னே இருக்கட்டும், வாதாடிப் பாப்போம். பிப்ரவரிய எதுக்கு எழுதணும்?"

"வழக்கம் என்னன்னு அந்தம்மா கேட்டிருக்காங்களே."

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"அனுப்ப மாட்டேன். ஆட்டம் அவங்களுக்குப் போயிடும். பொய்யா ஒண்ணும் எழுதின மாதிரி இருக்காது. அதுவும் எனக்குச் சம்மதம்தான். ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறது என்னவோ எனக்கு ஒத்துவரல."

டாக்டர் எழுந்து போய்விட்டார். புதன்கிழமை வரவில்லை, போனிலும் கிடைக்கவில்லை. எழுத்தர் கடிதத்தை எழுதி முடித்தார். யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன ஏலம், எவ்வளவு நேரம் தயக்கம், பதினேழாவது விதியின் நகல், ஐந்து ஆட்டங்களின் தேதி. கடைசி வரி: 'கூட்டாளி உடனே சொல்லியிருந்தால் நான் ஆறு சொல்லியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.' கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் அதே அளவு இடம் விட்டார்.

வியாழக்கிழமை தபால் கட்டுகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார்.

"ஒருத்தரை வாயில மரத்துப்போற ஊசி போட்டு உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். சீக்கிரம் குடுங்க."

சீக்கிரம் குடுங்க என்றவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். "இதுக்கு மேல ஒரு வரி சேத்துக்குங்க. தயங்கினது நான்தான், என் தயக்கம் கூட்டாளிக்கு இப்படிப் புரியும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதுன்னு."

எழுத்தர் எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"குழு என்ன சொல்லும்?"

"தெரியல. சேர்ந்து ஆடாதீங்கன்னுகூடச் சொல்லலாம்."

"சொல்லலாமா, சொல்லுமா?"

"லாம்தான்."

"உங்க வாயிலிருந்து வேண்டும்னு ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்" என்று சொல்லி டாக்டர் உறையை வாங்கினார். பசை தடவி மடித்தார். பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துகிற அழுத்தலில் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். இருவரும் தெருவைத் தாண்டித் தபால் அலுவலகத்துக்குள் போகும்வரை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கை நீட்டினாள். கட்டைவிரல் இன்னும் ஒரு கணம் இருந்துவிட்டு விலகியது. அவள் முகவரியைப் படித்து, முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலேயே உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டாள். ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்த பைக்குள் அது சறுக்கிக்கொண்டு இறங்கியது.